பிடிஎஃப் படிவத்தில் இணைத்த கோப்பு எங்கே போகிறது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடோபியின் கட்டண மென்பொருளான அக்ரோபேட் ப்ரோவில் ஒரு நிரப்பும் படிவம் தயாரித்திருக்கிறீர்கள். கடைசிப் பக்கத்தில் "சான்றிதழை இணைக்கவும்" என்று ஒரு பட்டன். உங்கள் கணினியில் அதை அழுத்தினால் கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி திறக்கிறது, கோப்பும் சேர்கிறது. ஆனால் படிவத்தைப் பெற்றவர்களில் சிலர் "பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை" என்கிறார்கள். வேறு சிலர் "இணைத்துத்தான் அனுப்பினேன்" என்கிறார்கள், வந்த படிவத்திலோ எதுவும் இல்லை. எங்கே கோளாறு, எதை மாற்றுவது?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். பிடிஎஃப் படிவத்தில் "இணைப்புப் புலம்" என்று தனியாக ஒன்று கிடையாது. எழுதும் புலம், பட்டன் (டிக் பெட்டியும் ரேடியோ பட்டனும் இதில் அடக்கம்), பட்டியல், கையொப்பம் என நான்கு வகைப் புலங்கள்தான் உண்டு. நீங்கள் வைத்திருப்பது ஒரு சாதாரண பட்டன். அதற்குப் பின்னால் ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட், அதாவது ஒரு சிறு நிரல் (ஸ்கிரிப்ட்), இருக்கிறது. அந்த வரி, கோப்பைப் படிவத்தின் எந்தப் புலத்திலும் வைப்பதில்லை. பிடிஎஃப் ஆவணத்தோடு சேர்த்து அதன் உள்ளே பொதிந்து வைக்கிறது. அதாவது நீங்கள் கேட்பது படிவத்தின் வேலையே இல்லை, படிவத்தைத் திறக்கும் மென்பொருளின் வேலை. அந்த மென்பொருளுக்கு ஜாவாஸ்கிரிப்ட் தெரிய வேண்டும், அந்தக் கட்டளை தெரிய வேண்டும், ஆவணத்தில் கோப்பைப் பொதியும் அனுமதியும் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் பட்டன் சும்மா இருக்கும். பிழைச் செய்தி கூட வராது. பயனாளர்களைக் குழப்புவது இந்த மௌனம்தான்.

அதனால் "வேலை செய்யவில்லை" என்று ஒருவர் சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, "எதில் திறந்தீர்கள்?" பெரும்பாலும் வரும் பதில், "மெயிலில் கிளிக் செய்தேன், திறந்தது." அப்படித் திறந்தது பிரவுசருக்குள் இருக்கும் பிடிஎஃப் பார்வைக் கருவியாக இருக்கும், அல்லது மெயில் மென்பொருளின் முன்னோட்டப் பலகமாக இருக்கும். குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் உள்ள கருவிகள் புலங்களை நிரப்ப விடும், கூட்டல் கழித்தல் போன்ற சின்னச் சின்ன ஸ்கிரிப்ட்டுகளையும் ஓட்டும். அதனால் படிவம் முழுதாக வேலை செய்வது போலவே தோன்றும். கோப்பைப் பொதியும் கட்டளை மட்டும் அங்கே செல்லாது. மேக் கணினியின் பிரிவ்யூவும், கைபேசியில் திறப்பதும் இதே கதைதான். கோப்பை முதலில் கணினியில் சேமித்து, அடோபி ரீடரைத் திறந்து, அதற்குள்ளிருந்து படிவத்தைத் திறக்கச் சொல்லுங்கள். "ஒன்றுமே நடக்கவில்லை" என்ற புகாரில் பெரும்பகுதி இங்கேயே தீர்ந்துவிடும்.

ரீடரில் திறந்தும் பட்டன் அசையவில்லையா? விண்டோஸில் மேலே மஞ்சள் பட்டை தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இணையத்திலிருந்தோ மெயிலிலிருந்தோ வந்த கோப்பை ரீடர் "பாதுகாக்கப்பட்ட பார்வை"யில் திறந்திருந்தால், அந்தப் பட்டையில் உள்ள அனுமதியை அழுத்தும்வரை எதுவும் இயங்காது. அப்புறம் விருப்பத்தேர்வுகளில் ஜாவாஸ்கிரிப்ட் பகுதி. சில நிறுவனங்களில் பாதுகாப்புக்காக அதை மொத்தமாக அணைத்து வைத்திருப்பார்கள். அங்கே உங்கள் பட்டன் ஒருநாளும் ஓடாது, அந்தக் கணினிப் பிரிவு மனம் வைத்தால்தான் உண்டு.

இனி உங்கள் பக்கத்துக் கோளாறு. இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். படிவத்தைத் தயாரித்த நீங்கள் அக்ரோபேட் ப்ரோ வைத்திருக்கிறீர்கள், நிரப்புகிறவர் இலவச ரீடர் வைத்திருக்கிறார். கோப்பைப் பொதியும் அந்தக் கட்டளையின் பெயர் இம்போர்ட்-டேட்டா-ஆப்ஜெக்ட். ப்ரோவில் அது எந்தக் கேள்வியும் இல்லாமல் ஓடும். ரீடரில் ஓட வேண்டுமென்றால் அந்த ஆவணத்துக்கு நீங்கள் கூடுதல் உரிமை வழங்கியிருக்க வேண்டும். ப்ரோவில் ஃபைல் மெனுவில் "சேவ் ஆஸ் அதர்", அதற்குள் "ரீடர் எக்ஸ்டெண்டட் பிடிஎஃப்", அதற்குள் "எனேபிள் மோர் டூல்ஸ்". இப்படிச் சேமித்த பிரதியைத்தான் அனுப்ப வேண்டும். உங்கள் கணினியில் மட்டும் வேலை செய்கிறது, மற்றவர்களிடம் இல்லை என்ற நிலைமைக்கு நான் கண்ட வரையில் இதுதான் முதல் காரணம். ப்ரோவிலேயே சோதித்துப் பார்த்துத் திருப்தி அடைவதில் இருக்கும் ஆபத்தும் இதுதான். ரீடர் மட்டும் உள்ள வேறொரு கணினியில் ஒருமுறை திறந்து பார்க்காமல் எந்தப் படிவத்தையும் வெளியே விடாதீர்கள்.

உரிமை வழங்கிய பிரதியை அதன்பின் திருத்த முடியாது. எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் மூலக் கோப்புக்குத் திரும்பிப் போய்த் திருத்தி, மறுபடி உரிமை வழங்கிச் சேமிக்க வேண்டும். அவசரத்தில் திருத்திய மூலத்தை அப்படியே அனுப்பிவிடுவது சர்வ சாதாரணம். "போன வாரம் வேலை செய்தது, இந்த வாரம் இல்லை" என்று யாராவது சொன்னால் இதைச் சந்தேகியுங்கள். இன்னொன்றும் உண்டு. அந்த உரிமை ஒருவகை மின்கையொப்பமாக ஆவணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. வேறு மென்பொருள் எதிலாவது அந்தக் கோப்பைத் திறந்து சேமித்தாலோ, அளவைக் குறைக்கும் கருவியில் போட்டாலோ, அந்தக் கையொப்பம் உடைந்துவிடும். பிறகு ரீடரில் திறக்கும்போது, ஆவணம் மாற்றப்பட்டிருக்கிறது, கூடுதல் வசதிகள் இனி கிடைக்காது என்ற பொருளில் ஒரு அறிவிப்பு வரும். அது வந்தால் அந்தப் பிரதியோடு போராடாதீர்கள். புதிய பிரதியை அனுப்பிவிடுங்கள்.

சரி, இப்போது ஸ்கிரிப்ட். ப்ரோவில் கன்ட்ரோல் விசையோடு ஜே-யை அழுத்தினால் ஜாவாஸ்கிரிப்ட் கன்சோல், அதாவது ஸ்கிரிப்ட்டின் பிழைகளைக் காட்டும் சாளரம், திறக்கும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு உங்கள் பட்டனை அழுத்துங்கள். பயனாளருக்கு மௌனமாகத் தெரிவது இங்கே ஒரு வரியாகத் தெரியும். அதில் "நாட்-அலவுட்-எரர்" என்று தொடங்கி, பாதுகாப்பு அமைப்புகள் தடுக்கின்றன என்று வந்தால், பெரும்பாலும் நீங்கள் கட்டளைக்குக் கோப்பின் பாதையையும் சேர்த்துக் கொடுத்திருப்பீர்கள். ஒரு படிவம் நிரப்புகிறவரின் கணினியிலிருந்து அவர் அறியாமல் ஒரு கோப்பை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகப் பாதையோடு கூடிய அழைப்பு கன்சோலிலும் தொகுப்பு வேலைகளிலும் மட்டுமே அனுமதிக்கப்படுகிறது. பட்டனில் வைக்கும்போது இணைப்புக்கு ஒரு பெயரை மட்டும் கொடுங்கள். கோப்பை நிரப்புகிறவர் தன் கையால் தேர்ந்தெடுப்பார். மிக நியாயமான கட்டுப்பாடு இது, சுற்றி வளைத்துத் தாண்ட முயல வேண்டாம்.

அந்தப் பெயர் விஷயத்திலும் கவனம் தேவை. ஒரு பட்டனை நகலெடுத்து ஒட்டி "கல்விச் சான்று", "முகவரிச் சான்று", "அனுபவச் சான்று" என்று மூன்று பட்டன் செய்கிறோம். வெளியே தெரியும் எழுத்தை மாற்றுகிறோம், உள்ளே ஸ்கிரிப்ட்டில் இருக்கும் பெயரை மாற்ற மறந்துவிடுகிறோம். மூன்று கோப்புகளும் ஒரே பெயருக்காக மோதிக்கொள்கின்றன. மூன்று சான்று அனுப்பியதாக அவர் சொல்வார், உங்கள் கையில் ஒன்று இருக்கும். இருவர் சொல்வதும் உண்மைதான். ஒவ்வொரு பட்டனின் ஸ்கிரிப்ட்டிலும் தனிப் பெயர் கொடுத்தாலே போதும்.

நிரப்புகிறவருக்கு "சேர்ந்துவிட்டது" என்று தெரிய ஏதாவது ஒன்று வேண்டும். இது ஒரு படிவம் தயாரிப்பவரின் கடமை என்றே நான் நினைக்கிறேன். கோப்பைத் தேர்ந்தெடுத்ததும் பெட்டி மூடிக்கொள்ளும், பக்கத்தில் எந்த மாற்றமும் தெரியாது. அவர் என்ன செய்வார்? மறுபடி அழுத்துவார், மறுபடி தேர்ந்தெடுப்பார். அல்லது சேரவில்லை என்று நினைத்து விட்டுவிடுவார். பட்டனுக்குப் பக்கத்தில் படிக்க மட்டுமான ஒரு எழுத்துப் புலம் வையுங்கள். ஸ்கிரிப்ட், கோப்பைச் சேர்த்ததும் அதன் பெயரையும் அளவையும் ஆவணத்திலிருந்தே திரும்ப வாங்கி அந்தப் புலத்தில் எழுதட்டும். ஆவணத்தில் உள்ள இணைப்புகளின் பட்டியலை டேட்டா-ஆப்ஜெக்ட்ஸ் என்ற பண்பு தரும். இணைப்பே இல்லாதபோது அது வெற்றுப் பட்டியலாக வராது, "நல்" (null, பட்டியலே இல்லை என்று பொருள்) என்று வரும். அதைச் சோதிக்காமல் நேரே எண்ணப் போனால் ஸ்கிரிப்ட் அந்த இடத்திலேயே விழுந்துவிடும்.

இன்னும் இரண்டு போலி இணைப்புகள் உண்டு. ஒன்று, எழுத்துப் புலத்தின் பண்புகளில் இருக்கும் "கோப்பைத் தேர்ந்தெடுக்கப் பயன்படுத்து" என்ற அமைப்பு. பெயரைப் பார்த்ததும் நமக்கு வேண்டியது இதுதான் என்று தோன்றும். அது கோப்பின் பாதையைப் புலத்தில் எழுதி வைக்கும். படிவத்தை ஒரு வலைச் சேவையகத்துக்குச் சமர்ப்பிக்கும்போது அந்தக் கோப்பின் உள்ளடக்கத்தைக் கூட அனுப்புவதற்கானது அது. மெயிலில் திரும்பி வரும் படிவத்தில் உங்களுக்குக் கிடைப்பது யாரோ ஒருவரின் கணினியில் உள்ள ஒரு ஃபோல்டரின் விலாசம் மட்டுமே. இரண்டாவது, படப் புலம். இதில் சேர்த்த புகைப்படம் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும், ஆனால் அது பட்டனின் முகப்புப் படம்தான், இணைப்பாகச் சேராது. தனிக் கோப்பாக எடுக்க முடியாது. முகப்படம் ஒட்டுவதற்கு இது அருமையான வழி. சான்றிதழ் வாங்குவதற்குச் சரிப்படாது.

இனி உங்கள் இரண்டாவது புகார்: இணைத்தார், ஆனால் வரவில்லை. இங்கே நான் முதலில் பார்ப்பது கோப்பின் அளவை. வெறும் படிவம் 180 கேபி என்று வையுங்கள். 2 எம்பி சான்றிதழை இணைத்துத் திரும்பி வரும் படிவம் 2 எம்பிக்குக் கிட்டத்தட்ட இருக்க வேண்டும். 190 கேபி என்று வந்தால் அதைத் திறந்து தேடுவதே வீண், உள்ளே எதுவும் இல்லை. அளவு பெரிதாக இருந்து, உங்கள் கண்ணுக்கு மட்டும் இணைப்பு தெரியவில்லை என்றால், ரீடரில் பக்கவாட்டுப் பலகத்தில் பேப்பர் கிளிப் குறி உள்ள "இணைப்புகள்" பகுதியைத் திறந்து பாருங்கள். பொதிந்த கோப்பு பக்கத்தின் மேல் எங்கும் தெரியாது, அங்கேதான் இருக்கும். பலர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அளவு சிறுத்துப்போயிருந்தால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. முதலாவது, "பிரிண்ட் டு பிடிஎஃப்". நானே பட்ட அனுபவம் ஒன்று உண்டு. ஒருமுறை நான் தயாரித்துக் கொடுத்த விண்ணப்பப் படிவம், தொடர்ந்து இணைப்பு இல்லாமல் ஒரு அலுவலகத்திலிருந்து மட்டும் வந்துகொண்டிருந்தது. படிவத்தில் குறை என்று நினைத்து இரண்டு நாள் ஸ்கிரிப்ட்டைக் கிளறினேன். கடைசியில் ஆவணத்தின் பண்புகளைத் திறந்தேன். "உருவாக்கிய மென்பொருள்" என்ற வரியில் ஒரு பிரிண்டர் டிரைவரின் பெயர். அங்கே இருந்தவர்கள் நிரப்பி, இணைத்து, பிறகு யாரும் திருத்திவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் பிடிஎஃப்பாக அச்சிட்டு அனுப்பியிருந்தார்கள். அச்சு என்பது பக்கத்தின் தோற்றத்தை மட்டும்தான் எடுக்கும். புலங்களும் போகும், பொதிந்த கோப்பும் போகும். அன்றிலிருந்து வந்த படிவத்தில் சந்தேகம் வந்தால் முதல் வேலையாக ஆவணப் பண்புகளைப் பார்த்துவிடுகிறேன், உங்களுக்கும் அதையே சொல்வேன். பக்கங்களைப் பிரித்தெடுத்துப் புதுக் கோப்பாகச் சேமித்தாலும் பொதிந்தவை கூட வராது. மின்கையொப்பச் சேவைகள் பலவும் உள்வாங்கும்போதே படிவத்தைத் தட்டையாக்கிவிடும், அதாவது புலங்களை நீக்கி வெறும் பக்கமாக்கிவிடும்.

இரண்டாவது காரணம், உங்கள் "சமர்ப்பி" பட்டன். அதன் அமைப்பில் எந்த வடிவத்தில் அனுப்புவது என்று ஒரு தேர்வு இருக்கிறது. எஃப்டிஎஃப், எக்ஸ்எஃப்டிஎஃப், எச்டிஎம்எல், முழு பிடிஎஃப். முதல் மூன்றும் புலங்களில் எழுதிய விவரங்களைத்தான் எடுத்துப் போகும். ஆவணத்தில் பொதிந்த கோப்பு புலத்தில் இல்லையே, எப்படிப் போகும்? நான்காவதைத் தேர்ந்தெடுங்கள். அதுவும் நிரப்புகிறவரின் கணினியில் மெயில் மென்பொருள் அமைக்கப்பட்டிருந்தால்தான் ஒழுங்காக நடக்கும். பொதுமக்களுக்கான படிவத்தில் இந்தப் பட்டனே வேண்டாம் என்பது என் கருத்து. "சேமியுங்கள், பேப்பர் கிளிப் பலகத்தில் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள், பிறகு மெயிலில் இணைத்து அனுப்புங்கள்" என்று மூன்று வரி எழுதி வைப்பது அதைவிட நம்பகமானது.

மெயிலின் எல்லையையும் கணக்கில் கொள்ளுங்கள். ஜிமெயிலின் வரம்பு 25 எம்பி. ஆனால் மெயிலில் போகும் கோப்பு எழுத்து வடிவத்துக்கு மாற்றப்படும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். எனவே பாதுகாப்பான எல்லை 18 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் படமெடுத்த நான்கைந்து சான்றிதழ்கள் இந்த எல்லையை எளிதாகத் தொட்டுவிடும்.

சில வகைக் கோப்புகள் வந்து சேரும், ஆனால் திறக்க முடியாது. ஜிப், இயங்கு கோப்பு, ஸ்கிரிப்ட் கோப்பு போன்றவற்றை பிடிஎஃப்புக்குள்ளிருந்து திறக்க அக்ரோபேட் மறுக்கும். நிரப்புகிறவர் நல்ல மனதோடு எல்லாச் சான்றுகளையும் ஒரே ஜிப்பாகக் கட்டி இணைத்திருப்பார். அதனால் பட்டனுக்குப் பக்கத்திலேயே பிடிஎஃப் அல்லது ஜேபெக் மட்டும் என்று எழுதிவிடுங்கள். கட்டளை தானாக எதையும் வடிகட்டாது.

கையொப்பப் புலமும் இருக்கிறதா? அப்படியானால் வரிசை முக்கியம். முதலில் இணைப்பு, கடைசியில் கையொப்பம். கையொப்பமிட்ட பின் கோப்பைப் பொதிந்தால் ஒன்று அது மறுக்கப்படும், இல்லையென்றால் கையொப்பம் செல்லாததாகக் காட்டப்படும். நீங்களே படிவத்துக்குச் சான்றொப்பம் வைத்து "நிரப்பவும் கையொப்பமிடவும் மட்டும்" என்று பூட்டியிருந்தாலும் இணைப்புக்கு வழியில்லை. கடவுச்சொல்லோடு அனுமதிகளைக் குறைத்து வைத்தாலும் இதே நிலைதான். பூட்டையும் போட்டுவிட்டு இணைப்பையும் கேட்கும் படிவங்கள் ஏராளம். இரண்டில் எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

உங்கள் பக்கத்தில் வந்த படிவங்களைக் காப்பகத்தில் போடும்போது, நீண்டகாலம் பாதுகாப்பதற்கான பிடிஎஃப்-ஏ வடிவத்துக்கு மாற்றுகிறீர்களா என்றும் பாருங்கள். 2005-இல் வந்த முதல் வகை எந்தப் பொதிந்த கோப்பையும் ஏற்காது. 2011-இல் வந்த இரண்டாம் வகை, பிடிஎஃப்-ஏ கோப்புகளை மட்டும் உள்ளே விடும். 2012-இன் மூன்றாம் வகைதான் எந்தக் கோப்பையும் பொதிய விடுகிறது. வந்தபோது இருந்த சான்றிதழ் காப்பகத்தில் இல்லை என்றால் காரணம் இங்கே இருக்கலாம்.

படிவத்தைத் திறந்ததும் "தயவுசெய்து காத்திருக்கவும்" என்ற ஒரே பக்கம் மட்டும் வந்து நிற்கிறது என்று யாராவது சொன்னால், அது எக்ஸ்எஃப்ஏ என்ற பழைய வகைப் படிவம். அடோபியின் லைவ்சைக்கிள் டிசைனர் என்ற படிவ மென்பொருளில் செய்தவை இப்படி இருக்கும். 2017-இல் வெளிவந்த பிடிஎஃப் 2.0 தரநிலை இந்த வகையைக் கைவிட்டுவிட்டது. பழைய படிவத்தை ஒட்டுப் போட்டுக்கொண்டிருப்பதைவிட, புதிதாகச் செய்துவிடுவது நல்லது.

ஸ்கிரிப்ட்டும் உரிமையும் எதுவுமே கைகொடுக்காத இடத்தில் ஒரு மாற்று வழி உண்டு. ரீடரின் கருத்துரைக் கருவிகளில் கோப்பை இணைக்கும் கருவி இருக்கிறது. பக்கத்தில் ஓரிடத்தில் கிளிக் செய்தால் அங்கே பேப்பர் கிளிப் குறி விழும், கோப்பு அதோடு ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்கே தெரிவதால் நிரப்புகிறவருக்கும் நம்பிக்கை வருகிறது. "சான்றிதழை இந்தக் கட்டத்துக்குள் இணைக்கவும்" என்று ஒரு வெற்றுக் கட்டம் வரைந்து வைத்தால் போதும். பூட்டப்பட்ட ஆவணத்தில் மட்டும் இது நடக்காது.

இவ்வளவும் சொன்ன பிறகு என் உண்மையான கருத்தைச் சொல்லாமல் இருப்பது சரியில்லை. எல்லோரும் ஒரே மென்பொருள் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்துக்குள் பிடிஎஃப் இணைப்பு பட்டன் நன்றாக வேலை செய்யும். எதில் திறப்பார்கள் என்றே தெரியாத பொதுமக்களிடம் சான்றுகள் வாங்க அது தவறான கருவி. அதற்கு வலைப்படிவம்தான் வழி. அங்கேயும் கோப்பு தொலைவதுண்டு, ஆனால் தொலையும் இடங்கள் குறைவு. படிவத்தின் குறியீட்டில், கோப்பையும் சேர்த்து அனுப்பச் சொல்லும் மல்டிபார்ட் வகையைக் குறிப்பிடாமல் விட்டால் கோப்பின் பெயர் மட்டும் வரும், கோப்பு வராது. சேவையகத்தில் ஓடும் நிரல்மொழியான பிஎச்பியின் இயல்பான வரம்பு ஒரு கோப்புக்கு 2 எம்பி, மொத்தச் சமர்ப்பிப்புக்கு 8 எம்பி. இந்த 8-ஐத் தாண்டினால் எழுதிய விவரங்களும் சேர்ந்தே காணாமல் போய், வெற்றுப் படிவம் வந்தது போல இருக்கும். என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சேவையக மென்பொருளின் இயல்பு வரம்பு வெறும் 1 எம்பி. மீறினால் 413 என்ற பிழை. ஒன்றை உயர்த்திவிட்டு மற்றதை மறப்பதால் வரும் புகார்கள்தான் அதிகம். இன்னொன்று, படிவத்தில் வேறெங்கோ தவறு என்று பக்கம் மறுபடி வரும்போது மற்ற புலங்களில் எழுதியது இருக்கும், தேர்ந்தெடுத்த கோப்பு மட்டும் போயிருக்கும். பிரவுசர் பாதுகாப்புக்காக அப்படிச் செய்கிறது. "கோப்பை மீண்டும் தேர்ந்தெடுக்கவும்" என்று சிவப்பில் ஒரு வரி அங்கே கட்டாயம் வேண்டும்.

உங்கள் படிவத்துக்கு வருகிறேன். மூலக் கோப்பைத் திறந்து, இணைப்பு பட்டன் ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றின் ஸ்கிரிப்ட்டிலும் உள்ள பெயரைச் சரிபாருங்கள், பக்கத்தில் பெயர் காட்டும் புலத்தைச் சேருங்கள், உரிமை வழங்கிய புதுப் பிரதி எடுங்கள், அதை ரீடர் மட்டும் உள்ள ஒரு கணினியிலிருந்து உங்களுக்கே நிரப்பி அனுப்புங்கள். வந்ததும் அளவைப் பாருங்கள். அதற்குப் பிறகும் வரவில்லை என்றால், கன்சோலில் தெரியும் வரியையும் ஆவணப் பண்புகளில் "உருவாக்கிய மென்பொருள்" என்ற இடத்தில் உள்ள பெயரையும் எழுதி அனுப்புங்கள். அந்த இரண்டும் இருந்தால் எங்கே தொலைகிறது என்று சொல்லிவிடலாம்.